சம்பந்தியார் கட்டிய கொடி

என் வான்குடையை எதிர்க்கட்சியினர் அறுத்ததாகச் சாய்ந்தமருதில் இன்றும் பேசப்படுவதால், உண்மையைப் பதிவுசெய்தல் என் கடமையாகிறது.

வான்குதிப்பில் நெடுங்காலப் பயிற்சியுடையேன். தேர்தலில் நின்ற என் சம்பந்தியார் தம் கட்சிக்கொடியை என் காலில் தாமே கட்டிவிட்டார். சம்பந்தி கட்டிய முடிச்சை இழுத்துப் பார்ப்பது மரியாதையன்று எனக் கருதிக் குதித்தேன். குடை விரியுமுன்பே கொடி அவிழ்ந்து கயிறுகளில் சுற்றியது. குடையைக் கழற்றிவிட்டு, மாற்றுக்குடையை இழுத்தேன். அல்ஹம்துலில்லாஹ், அது முழுதாய் மலர்ந்தது. நாவிதன்வெளி வயலில் நிமிர்ந்து நின்றவாறே இறங்கினேன்.

வரம்பில் நின்ற விவசாயி என்னை அண்ணன் முறையில் அழைத்து, “எந்தக் கட்சி காக்கா நீங்க?” என்றார்.

“உயிரோட இரிக்கிற கட்சி.”

“அப்ப நம்மட ஆள்தான். வாங்க, தேத்தண்ணி குடிப்பம்.”

இன்றும் வானிலிருந்து குதிக்கிறேன்; எவர் கொடியையும் சுமப்பதில்லை. சம்பந்தியே கட்டினாலும் முடிச்சைச் சோதிக்கிறேன். அன்று வயலில் நின்றோர், இதில் பிழை காணின் திருத்தியருள்க.