நாற்பது நாள் கிடந்த திருத்தம்

கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகும் ஏலக்காயும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். கலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வந்தவள், சேர்ந்த ஆறாவது மாதமே கம்பெனியின் மெயில் முழுவதையும் ஒரு லினக்ஸ் சர்வருக்கு மாற்றினேன். லினக்ஸை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கலாம். அந்த மாதிரி மென்பொருள்கள் மேல் அப்போது எனக்குப் பித்து.

அந்தப் பித்தில் ஒரு தப்பு செய்தேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் கோபத்தை நீங்கள் நம்பக் கூடாது. வாடிக்கையாளர் விவரங்கள் இருந்த டேட்டாபேஸின் புதிய பதிப்பு வெளிவந்த அன்றே அதைச் சர்வரில் ஏற்றினேன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. புதிது, அவ்வளவுதான். விவரங்கள் பாழாயின. நான் எடுத்து வைத்திருந்த நகலோ ஒரு மாதம் பழையது. எதிர் மேசைச் சேச்சி இரண்டு நாள் காகிதக் கோப்புகளைப் புரட்டி, விட்டுப்போன அத்தனையையும் மறுபடி அடித்தார்.

"மோளே, இனி இதில் தொடல்லே, கேட்டோ" என்றார், விரல்களை நீவிக்கொண்டே. இனி இதைத் தொட்டுவிடாதே என்று கெஞ்சல். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திட்டியது மேலாளர். பாலக்காட்டுத் தமிழர். என்னோடு தமிழில்தான் பேசுவார். "இனிமே என்னைக் கேக்காம அந்த மிஷின்ல ஒண்ணும் மாத்தப்படாது." நியாயம்தான் என்று தலையாட்டினேன்.

அடுத்த வருடம் எங்கள் மெயில் சர்வர் மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பதாக, அதை எழுதுகிறவர்களே அறிவித்தார்கள். கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் உள்ளே வந்துவிடலாம். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும் அன்றே வெளியிட்டிருந்தார்கள். இந்தத் தடவை நான் பாயவில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அதை ஏற்றி நான்கு நாள் ஓட்டிப் பார்த்தேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஏதாவது தொல்லை வந்ததா என்று இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் மேலாளர் அறைக்குப் போனேன்.

"ஞாயித்துக்கிழம அர மணிக்கூர் மெயில் நிக்கும் சார். அவ்வளவுதான்."

"இப்போ நன்னா ஓடிண்டிருக்கோன்னோ?"

"ஓடுது சார். ஆனா கதவு தொறந்து கெடக்கு."

"போன வருஷமும் நீ இப்படித்தான் குதிச்சே."

"அது புதுசுன்னு ஏத்துனது. என் தப்பு. இது ஓட்டைய அடைக்கிறது. ரெண்டும் வேற சார்."

அவர் சாயாவை ஒரு வாய் குடித்தார். அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். "உங்கப்பா முனிசிபாலிட்டியில ஓடை வாரறவர்தானே? அதான் நோக்கு எங்க பாத்தாலும் அழுக்காத் தெரியறது."

அந்த இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரை கொதித்தது.

"மழைக்கு முந்தி எங்கப்பா ஓடைய வாராட்டி, ஒங்க கோடவுன்ல மெளகுதான் சார் மொதல்ல நனையும்."

சிரிப்பு நின்றது. "போ. ஏத்துமதி சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

அதன் பிறகும் இரண்டு தடவை கேட்டேன். சீசன், சீசன் என்றே சொன்னார். சர்வர் அறைச் சாவி என் கையில்தான் இருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்காமல் செய்திருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம். கோபத்தை விழுங்கிக்கொண்டு நாற்பது நாள் சும்மா இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், எங்கள் சர்வர் உலகம் முழுக்கக் குப்பை மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. எவனோ உள்ளே புகுந்துவிட்டான். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எங்கள் மெயில் எதையும் ஏற்காமல் தடுத்துவிட்டார்கள். அன்று போக வேண்டிய கப்பல் பத்திரங்கள் போகவில்லை. கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. மேலாளர் ஓடி வந்தார்.

"அந்த அப்கிரேடைப் பண்ணு! இப்பவே பண்ணு!"

"இனி அது போதாது சார். உள்ள வந்தவன் என்னென்ன வச்சிட்டுப் போயிருக்கான்னு தெரியாது. எல்லாத்தையும் அழிச்சு மொதல்லேர்ந்து ஏத்தணும். ரெண்டு நாள் வேணும்."

"அரை மணின்னு சொன்னியேடீ!"

"அது நாப்பது நாளைக்கு முன்னால."

சேச்சி ஒவ்வொரு பத்திரமாக ஃபேக்ஸில் அனுப்பினார். நான் இரண்டு நாளில் சர்வரை மறுபடி கட்டி எழுப்பினேன். மூன்றாம் நாள் மேலாளர் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். வாடிக்கையாளர்களுக்கு விளக்கம். எங்கள் ஊழியர் தேர்ந்தெடுத்த இலவச மென்பொருளின் கோளாறு என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"போட மாட்டேன்" என்றேன். தாளை அவர் பக்கமே தள்ளினேன்.

அவர் தன் பெயரிலேயே அனுப்பினார். மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் கம்ப்யூட்டர் ஆள் எனக்கு நேராக எழுதினார். 'இதற்கான திருத்தம் ஆறு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டதே, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' முன்பின் தெரியாத ஒருவர் என்னைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதை அச்செடுத்து, மேலாளர் அறைக்குப் போய், அங்கே இருந்தவர்கள் கேட்க உரக்கப் படித்தேன். பிறகு நான் தட்டச்சு செய்து வைத்திருந்த இன்னொரு தாளை நீட்டினேன். ஓட்டையை அடைக்கும் திருத்தங்களை, தனிக் கம்ப்யூட்டரில் சோதித்த பிறகு, யாரையும் கேட்காமல் நானே ஏற்றுவேன். புது வசதிக்காக வரும் பதிப்புகள், மற்றவர்கள் ஓட்டிப் பார்த்து, எங்கள் சீசனும் முடிந்த பிறகுதான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அன்றைய நகல் கையில் இருக்க வேண்டும்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேனாவை எடுத்தார்.

"படிச்சிட்டுப் போடுங்க சார்" என்றேன்.

"எல்லாம் தெரியும்."

"தெரியாது சார். படிங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.