பார்த்து வாங்கினவள்

ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு இறைச்சி வாங்குவது அவள் பொறுப்பு. அறுக்கும் இடம், குளிர்வண்டி, கிடங்கு, அடுப்பு என்று எங்கேயும் ஹலால் முறை பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்காரர்கள் அவளுக்கு 'மோப்பக்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டியின் முத்திரை லேசாகக் கிழிந்திருந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவாள். காலில் விழுந்தாலும் மசியமாட்டாள்.

மேல்மாடி வார்டில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். பழைய லாரி டிரைவர். எந்தச் சரக்கு எதோடு கலந்து போகும் என்று ஆயுசு முழுக்கக் கண்டவர், யாரையும் நம்பமாட்டார். அவள் வந்து சொன்னால்தான் தட்டைத் தொடுவார்.

“நீ பாத்தியாம்மா?”

“பாத்தேன் மாமா.”

பிறகு எலும்பைக்கூட விட்டுவைக்கமாட்டார்.

அவரை அடக்கம் செய்த வாரம் இறைச்சி வியாபாரி போன் செய்தார். கிடங்கில் ஹலால் அல்லாத சரக்கை ஆட்கள் மாற்றி அடைத்து, ஹலால் முத்திரை ஒட்டிவிட்டார்களாம். எந்த நாள் சரக்கு என்று கேட்டாள். பெரியவர் கடைசியாகச் சாப்பிட்ட கறி அதுதான்.

மீதியைக் கொட்டினாள். மேலதிகாரியிடம் சொல்லி அந்த வியாபாரியை நிறுத்தினாள். தெரியாமல் சாப்பிட்டவர் மேலும் குற்றமில்லை, ஏமாந்த உன் மேலும் இல்லை என்றார் பள்ளிவாசல் இமாம். ஆனாலும் மதியத் தட்டுகள் மேலே போகும் நேரத்தில், முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

தாங்கமுடியாமல் பெரியவரின் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“அவரு நிம்மதியா சாப்பிட்டுப் போனாருன்னு நெனச்சிட்டிருந்தேன். இனிமே எப்படி நெனக்கறது?”

அடுத்த துணியை எடுத்து உதறினாள் அந்த அம்மாள்.

“பையன்கிட்ட சொல்லிடாதே. அவனாவது தூங்கட்டும்.”

பையன் வழியில் பார்க்கும்போதெல்லாம் நின்று, அத்தாவை நன்றாகக் கவனித்துக்கொண்டீர்கள் என்பான். இவள் தலையசைத்துவிட்டு நகர்வாள். பிறகு ஒருநாள் சமையலறைக்கே தேடி வந்தான். மகளுக்குக் கல்யாணமாம். விருந்துக்கு இறைச்சியை அவள்தான் பார்த்து வாங்கித் தரவேண்டுமாம்.

“உங்களை விட்டா யாரை நம்பறது அக்கா?”

மாட்டேன் என்று சொல்லக் காரணம் அகப்படவில்லை. கல்யாணத்தன்று அறுக்கிற இடத்திலேயே போய் நின்றாள். வண்டியில் சரக்கோடு சரக்காகக் குளிரில் வந்தாள். சட்டி இறங்கும்வரை அடுப்பை விட்டு அசையவில்லை.

பந்தியில் பெரியவரின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகன் தன் கையாலேயே அம்மாவுக்குப் பரிமாறினான். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள் அந்த அம்மாள்.