ஒற்றைப்படை அவளுக்கு

எங்கள் குடித்தனத்தைப் பிரித்தபோது சாமான்களைப் பங்கு போட்டுக் கொடுத்தவர் பங்குச் சாமியார். எங்கள் கத்தோலிக்கச் சபையில் விவாகரத்து கிடையாது. ஆளுக்கொரு ஊரில் தனியாக இருந்துகொண்டு, கடைசிவரை கணவன் மனைவியாகவே சாகலாம். அவள் விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியை, அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாள். நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். கிரைண்டர் அவளுக்கு, டிவி எனக்கு என்று சாமியார் நியாயமாகத்தான் பிரித்துக்கொண்டு வந்தார். அலமாரிக்கு வந்தபோது நின்றார்.

“இது இன்னாது?”

“கதைப் புத்தகம் சாமி.”

“எத்தினி?”

“பன்னெண்டு.”

“அப்ப ஆளுக்கு ஆறு. ஒத்தப்படை அந்தம்மாவுக்கு, ரெட்டப்படை உனக்கு. இதுக்கும் சண்டை போடாதீங்க.”

பன்னிரண்டும் சேர்ந்து ஒரே கதை என்று நாங்கள் இருவருமே அவரிடம் சொல்லவில்லை. அவள் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. அதில் ஒரு நல்ல வேடிக்கை இருப்பதாகத் தோன்றியதால் நான் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்குமே, உள்ளங்கை அகல மாத நாவல், அந்த ரகம். முதல் பாகத்தில் ஒரு முதலமைச்சர் பதவியேற்ற மேடையிலேயே சரிந்து விழுந்து சாகிறார். மாரடைப்பு என்கிறது அரசாங்கம். நம்பாதவர்கள் இரண்டு பேர்: ஒரு பத்திரிகைக்காரி, சஸ்பெண்ட் ஆன ஒரு போலீஸ் அதிகாரி. பாகத்துக்குப் பாகம் சதியில் ஒரு முடிச்சு அவிழும், இரண்டு புதிதாக விழும். ஒவ்வொரு பாகத்தின் கடைசி அத்தியாயத்திலும் அதிகாரி பத்திரிகைக்காரியிடம் மனதில் இருப்பதைச் சொல்ல வாயெடுப்பான், உடனே குண்டு வெடிக்கும். குண்டு இல்லாத பாகத்தில் மந்திரியின் உதவியாளர் போன் செய்வார். பன்னிரண்டு பாகங்களில் அந்த மனிதன் ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை.

என் வீட்டு அலமாரியில் உலக இலக்கியம் நிறைய உண்டு. முன்வரிசையில், வருகிறவர்கள் பார்ப்பதற்காக. பின்வரிசையில் இருந்தவர் இந்த நாவலை எழுதிய அம்மாள்தான். அரசியல்வாதியை இவரைப் போல எழுத எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. இவருடைய மந்திரிகள் கொலைக்கு உத்தரவு போடும்போதுகூட அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடியும்போது தோலைக் கூட்டிப் பேப்பரில் மடித்து, “இதையும் போட்டுடு” என்பார்கள். நான் அடித்துச் சொல்வேன், இது இலக்கியம். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சேர்ந்திருந்த நாட்களில் என் மனைவி பரீட்சைப் பேப்பர் திருத்துவாள், நான் சத்தமாகப் படிப்பேன். மந்திரிக்கு ஒரு குரல், அதிகாரிக்கு ஒரு குரல். காதல் இடம் வந்தால் நானே இரண்டு வரி சேர்த்துக் கிண்டல் செய்வேன். நாலு பாகம்வரை அவள் சிரித்தாள். ஐந்தாவதில், “அந்த எடத்த மட்டும் சும்மா படிங்களேன்” என்றாள். எனக்கு அது கைதட்டலாகக் கேட்டது, இன்னும் கொஞ்சம் நன்றாகக் கிண்டல் செய்தேன்.

சண்டை போட்டுப் பிரிந்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், கௌரவமாக இருக்கும். ஆனால் பேச்சு குறைந்து குறைந்துதான் பிரிந்தோம். அவளுடைய அம்மா இறந்த வீட்டில் நான் அடித்த ஜோக்கை இங்கே எழுத மாட்டேன். நல்ல ஜோக்தான், அதுதான் பிரச்சினை. கிளம்பும் அன்று அவள் கோபப்படக்கூட இல்லை. “ஒங்ககிட்ட ஒரு வார்த்த நேரா பேச முடியல” என்றாள். அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. எனக்கு எப்போதும் ஒன்று இருக்கும்.

எட்டு வருஷம். என் பங்கு ஆறையும் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாம் பாகத்தில் கடத்தப்பட்ட பத்திரிகைக்காரி நான்காம் பாகத்தில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பாள். எப்படித் தப்பினாள் என்பது விழுப்புரத்தில் இருந்தது. மறக்கவில்லைதான், ஆனால் நினைவிலிருந்து படிப்பதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. குளிக்கும்போது அருமையாக ஒரு கிண்டல் தோன்றும். துவட்டிக்கொண்டு, சொல்வதற்குத் தயாராக வெளியே வருவேன். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். நகைச்சுவைக்காரன் தனியாக இருந்தால் அவன் வெறும் ஆள், அவ்வளவுதான்.

பன்னிரண்டோடு அந்த அம்மாளும் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். மகன் வீட்டோடு அமெரிக்கா போய்விட்டார் என்றார்கள். போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“சார், ஒங்க ரைட்டரம்மா புக்கு வந்துகீது. கடைசி பாகமாம். ஒரே காப்பிதான் குடுத்தான். ஜல்தி எடுத்துக்கினு போங்க, இல்லன்னா நானே படிச்சிடுவேன்.”

அட்டையில் பதிமூன்று என்று போட்டிருந்தது. ஒற்றைப்படை.

அவளுக்குப் போன் செய்தேன். எட்டு வருஷத்தில் மூன்றாவது தடவை. முந்தைய இரண்டும் சாவுச் செய்தி.

“சொல்லுங்க. யாருக்கு இன்னா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆவல. பதிமூணு வந்துடுச்சி.”

“இங்க ரெண்டு கடையில கேட்டுட்டேன், இல்லன்றான்” என்றாள்.

“எங்கிட்ட இருக்குது. ஆனா ஒத்தப்படை. உன்னுது.”

“படிச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“பொய்யி.”

“சத்தியமா. அட்டைய மட்டுந்தான் பாத்தேன். அதுல அந்த உதவியாளரு...”

“சொல்லாதீங்க! சொன்னீங்கன்னா வச்சிடுவேன்.” பிறகு குரலை இறக்கி, “சனிக்கெழம மூணு மணிக்கு மேல புது பஸ் ஸ்டாண்ட் வாங்க” என்றாள்.

சனிக்கிழமைவரை புத்தகம் மேஜைமேல் கிடந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அதில் வேடிக்கை எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தபோது கண்ணாடியில் இருந்தவன் முடிக்கும் இடத்தில் கண்ணடித்தான். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குக் குடையோடு வந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது, மூக்குக்கண்ணாடி புதிது. புத்தகத்தை வாங்கி நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள், சட்டென்று மூடினாள்.

“எப்டிங்க படிக்காம இருந்தீங்க? பன்னெண்டாவது வந்தப்ப வீட்டுக்கு வர்றதுக்குள்ள பஸ்ஸிலயே முடிச்ச ஆளு நீங்க.”

மூன்று பதில்கள் வரிசையில் வந்து நின்றன. மூன்றும் தரமானவை. அவற்றை நிறுத்திவைத்துவிட்டுச் சொன்னேன்.

“தனியா படிக்கப் புடிக்கல. உங்கூட சேந்து படிக்கணும்னு இருந்துச்சி.”

அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, குடையை இடுக்கிக்கொண்டு, புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு. புதுச்சேரி பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை வருஷமாக நான் வாங்காத சிரிப்பு! தொழில்முறையாகப் பார்த்தால் வெற்றி. அப்படியே விட்டிருக்கலாம்.

“ஜோக் இல்ல” என்றேன்.

“தெரியும்” என்றாள். சிரிப்பு அடங்கியிருந்தது. கோபம் இல்லை, கரும்பலகையில் ஒரு கணக்கைத் திருத்துகிற குரல். “நானும் இப்டிதான் நேரா சொல்லிக்கினு இருந்தேன். நீங்களும் இப்டிதான் சிரிச்சீங்க.”

திண்டிவனம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. “ஏறுங்க, அப்புறம் நின்னுக்கினு போவணும்” என்றாள். “சாப்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

“முடிச்சிட்டு கொரியர்ல போட்டுடறேன்.”

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு டவுன் பஸ் பக்கமாக அவள் போவது தெரிந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, கூட்டேரிப்பட்டும் தாண்டும்வரை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டு வந்தேன். வேடிக்கையாக ஒன்றும் வரவில்லை. வேறு மாதிரியும் ஒன்றும் வரவில்லை.