உள்ளூர் ஜோடிக்கு ரூம் கிடையாது

கல்யாணமாகி ஆறேழு மாதமாகியும் நானும் என் கணவரும் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. ஒற்றுமை அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை போட இடமில்லை. பேரணாம்பட்டில் அவர் வீட்டில் எட்டுப் பேர். எங்களுக்கென்று விட்ட அறைக்குக் கதவு கிடையாது, புடவையைத்தான் திரையாகக் கட்டியிருந்தோம். பீரோவும் அதற்குள் இருந்ததால், துண்டு வேண்டும் சட்டை வேண்டும் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில்தான் இருவருக்கும் வேலை. நான் தையல், அவர் கட்டிங். அங்கே மெஷின் சத்தத்தில் ஜாடை மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் அவர் காதருகே சொன்னேன்.

"நாளைக்கு காட்பாடி போலாம். ஸ்டேஷன் பக்கத்துல லாட்ஜ் இருக்குதில்ல, பகலுக்கு ஒரு ரூம் போடலாம்."

"வூட்ல இன்னா சொல்றது?"

"தோஸ்த்துக்குக் கல்யாணம்னு சொல்லுங்க."

மறுநாள் பட்டுப்புடவையோடு காட்பாடியில் இறங்கினோம். முதல் லாட்ஜில் ஆதாரைப் பார்த்துவிட்டு, "பேரணாம்பட்டா? லோக்கல் ஆளுங்களுக்குக் குடுக்கறதில்ல" என்றார்கள். அடுத்ததில் எங்களை ஏற இறங்கப் பார்த்து, ரூமே இல்லை என்றார்கள். பின்னாலேயே சாவிகள் வரிசையாகத் தொங்கின. என் கணவரின் முகம் சுண்டிவிட்டது.

"வா, போய்டலாம். அசிங்கமா இருக்குது."

"இதுல இன்னா அசிங்கம்? ரூம் போடாம நான் பஸ் ஏறமாட்டேன்."

மூன்றாவது லாட்ஜில், வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. மேனேஜர் வயதானவர், தன்மையாகவே பேசினார்.

"தப்பா நினைக்காதம்மா. லோக்கல் ஜோடிங்களால எங்களுக்கு பேஜார் ஜாஸ்தி. வூட்ல பெரியவங்க யாராவது போன்ல பேசினா குடுக்கறேன்."

என் கணவர் வெளியே போய்ப் படியில் நின்றுகொண்டார். நான் மாமியாரை அழைத்தேன். மேனேஜருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாம்மா, கல்யாணத்துல சாப்டாச்சா?"

"கல்யாணம்லாம் இல்ல அத்தை, பொய் சொல்லிட்டோம். காட்பாடில லாட்ஜ்ல நிக்கிறோம். நாங்க புருஷன் பொண்டாட்டின்னு நீங்க சொன்னாதான் ரூமாம்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

"லாட்ஜா? எதுக்குடி?"

"பேசறதுக்கு. தூங்கறதுக்கு. அங்க முடியல அத்தை."

"அந்தாளுகிட்ட குடு" என்றார். "ஏம்ப்பா, அவன் என் புள்ள, அது என் மருமவ. நான்தான் முன்ன நின்னு கட்டி வெச்சேன். ரூம் குடு. காத்து வர்ற ரூமா குடு."

மேனேஜர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார்.

தாழ்ப்பாளைப் போட்டதும் கட்டிலில் குறுக்காக விழுந்தேன். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. லெமன் சாதப் பொட்டலங்களைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, ஜன்னலருகே அவர் ரயில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "ஆம்பூர்ல தனியா வீடு பாக்கலாம்."

"மூத்த புள்ள நான். ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"பேசட்டும்."

குரல் ஏறியது. ஸ்டேஷனில் அறிவிப்பு ஒலிக்கும்போதெல்லாம் காது கேட்காமல் நிறுத்தினோம், அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். "எங்கம்மாவ நாலு பேர் எதிர்ல கேவலப்படுத்திட்ட" என்று அவர் கத்தியபோது எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன்.

"அவங்க புரிஞ்சிக்கினாங்க. நீங்கதான் புரிஞ்சிக்கல."

அவர் கையிலிருந்த பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார்.

"சரி. பாக்கலாம்."

"பாக்கலாம் இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமையே போய்ப் பாக்கறோம்."

வீடு திரும்பியதும், கல்யாணம் எப்படி நடந்தது என்று மாமனார் கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள் மாமியார், "பொண்ணு நல்லா லட்சணமாம், சாப்பாடுதான் சுமாராம்" என்றார்.

ஆம்பூரில் வீடு லேசில் அமையவில்லை. சிலர் எங்கள் ஜாதியைக் கேட்டார்கள். தோல் வேலைக்காரர்கள் என்றதும் சிலர் கதவைச் சாத்தினார்கள். இரண்டு மாதம் ஒரு ஞாயிறுகூட விடாமல் அலைந்து, ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன வீட்டைப் பிடித்தோம்.

விஷயத்தைச் சொன்ன அன்று மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரூம் குடுக்கத்தான சொன்னேன்? வூட்டப் பிரிக்கவா சொன்னேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். எனக்கு வலித்தது. ஆனால் மூட்டை கட்டுவதை நான் நிறுத்தவில்லை. பால் காய்ச்சவும் அவர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் வந்து நின்றார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், நல்லாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

"தண்ணி எப்ப வருது?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள், அத்தை."

அடுத்த வாரம், கண்டக்டரோடு மல்லுக்கட்டி, பெரிய நீல டிரம் ஒன்றை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்.