பஞ்சம்மாள் பெயரில் ஒரு கெளுத்தி

காளீஸ்வரனின் குடும்பத்தில் எல்லோருக்கும் பட்டாசுதான் தொழில். நாரணாபுரத்தில் அண்ணன் காசிராஜன் நடத்தும் கம்பெனியில் சீசன் நேரத்தில் ஆள் போதாமல் திண்டாடும்போதும் தம்பி ஏதாவது ஒரு கண்மாய்க்குள் பேண்ட்டை மடித்துவிட்டு நிற்பார். விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் விலங்கியல் ஆசிரியர். கெளுத்தி மீனின் முள் குத்திக் குத்தி இரண்டு கைகளும் தழும்பாகிக் கிடந்ததால் மாணவர்கள் வைத்த பெயர் கெளுத்தி சார். எவனாவது வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டால் கோபப்பட மாட்டார். “சொல்லுப்பா” என்பார்.

ஆமத்தூர்க் கண்மாயில் கெளுத்தி மஞ்சள் ஓடியிருக்கும். நாரணாபுரத்துக் கண்மாயில் கன்னங்கரேல் என்றிருக்கும். கலங்கல் தண்ணீருக்கு ஒரு நிறம், தெளிந்த தண்ணீருக்கு ஒரு நிறம் என்றுதான் அவரும் வெகுகாலம் நினைத்திருந்தார். ஒரு கோடையில், தசைப் புரதம் ஒன்றின் மரபணுவை இரண்டு மீன்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மரபணுவில் பயன்படும் துண்டுகள் இடைவெளி விட்டு விட்டு இருக்கும். எக்ஸான் என்பது அந்தத் துண்டுகளுக்குப் பெயர். செல் அந்த மரபணு முழுவதையும் நகலெடுத்து, வேண்டாததை வெட்டி எறிந்து, எக்ஸான்களை ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய நகல்களைத்தான் அவர் படித்தார். ஆமத்தூர் மீனில் இருந்த ஓர் எக்ஸான் நாரணாபுரத்து மீனில் இல்லை.

ஒரு துண்டே காணாமல் போயிருக்கிறது என்றால் இது வேறு மீன், உலகத்தில் யாரும் பெயர் வைக்காத மீன். கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார். புது இனத்துக்கு லத்தீன் வால் ஒட்டி அம்மாவின் பெயரை வைத்தார்.

“எனக்கு அப்பவே தெரியும்லே. நாரணாபுரத்து மீனு ருசியே வேற” என்றாள் பஞ்சம்மாள். சித்திரைப் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். காசிராஜனோ ஒருபடி மேலே போய், அந்த வருஷத்துச் சங்குசக்கரப் பெட்டிக்கு மீன் படம் போட்ட லேபிள் வேண்டுமென்று அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கும் தம்பி மனைவி பிரீத்தியிடம் ஆர்டர் கொடுத்தார். பிரீத்தியும் கறுப்புக் கெளுத்திக்கு மீசை வைத்து அழகாகவே வரைந்தாள்.

இதழிலிருந்து பதில் வருவதற்குள், டி.என்.ஏ.விலேயே அந்த எக்ஸான் அறுந்துபோன இடத்தைப் படமாகக் காட்ட ஆசைப்பட்டார் காளீஸ்வரன். கறுப்பு மீனின் மாதிரியைச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினார். வந்த முடிவில் எதுவும் அறுந்திருக்கவில்லை. கறுப்பு மீனிலும் அந்த எக்ஸான் முழுசாக இருந்தது.

மாதிரி மாறிவிட்டதோ என்று உறைபெட்டியைத் திறந்தார். ஆமத்தூர் மீனின் குப்பியில் அவருடைய கையெழுத்திலேயே ‘இதயம்’ என்றிருந்தது. பழைய ஆராய்ச்சி ஒன்றுக்காக எடுத்து வைத்தது. நாரணாபுரத்து மீனுக்கு எடுத்ததோ வால் சதை. மறுபடி இரண்டு மீன்களிலும் இதயம், சதை என்று தனித்தனியாகப் பார்த்தார். எந்தக் கண்மாயானாலும் இதயத்தில் அந்த எக்ஸான் சேர்கிறது, சதையில் விடுபடுகிறது. ஒரே மரபணுவிலிருந்து உடம்பு இடத்துக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டிக்கொள்கிறது. இனம் ஒன்றுதான்.

“பேப்பரு வெளிய வந்துருச்சா?” என்று கேட்டாள் பிரீத்தி.

“இன்னும் இல்ல.”

“அப்ப யாருக்கும் தெரியாதுல்ல. ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக?”

“எனக்குத் தெரியுமே.”

அவள் காபியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவர் அடித்து முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஒரே மருந்தறைதாம்லே. சக்கரத்துக்கு ஒரு மருந்த விட்டுருவோம், புஸ்வாணத்துக்கு அதச் சேப்போம். அந்த மாதிரியா?”

“ஏறக்குறைய அப்படித்தாண்ணே” என்றார். முழுக்கச் சரியில்லைதான், ஆனால் அதைத் திருத்த அப்போது தெம்பில்லை.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. பஞ்சம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப எம் பேரு?”

“இல்லம்மா.”

கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள். “நீ வீடு வீடாப் போயி நிக்காத. நாந்தான சொன்னேன், நானே சொல்லிக்கிடுதேன்.”

சொன்னபடியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எதிர்வீட்டு ஆவுடைத்தாயிடம் அவள் பேசியது வாசலில் நின்ற காளீஸ்வரனுக்குக் கேட்டது. “அந்த மீனு வேற மீனு இல்லையாம். எம்மகன் தப்பாக் கணிச்சுட்டான். யாரும் வந்து சொல்லல பாத்துக்கோ, அவனே கண்டுபிடிச்சுட்டான்.” புது மீன் என்று சொன்னபோது இருந்ததைவிடக் குரல் இப்போது எடுப்பாகவே இருந்தது. அவர் சட்டென்று உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் பார்த்த வேலைதான் உருப்படியானது. வைப்பாற்றிலும் வெம்பக்கோட்டை அணையிலும் கெளுத்தியின் பங்காளி இனங்களைத் தேடிப் பிடித்தார். ஒவ்வொன்றிலும் இதயத்தில் அந்த எக்ஸான் உண்டு, சதையில் கிடையாது. அப்படியானால் இந்த வெட்டி ஒட்டும் பழக்கம் இவற்றுக்கெல்லாம் பொதுவான மூதாதை மீனுக்கே இருந்திருக்க வேண்டும். இனங்கள் தனித்தனியே பிரிந்த பின்னும் பழக்கம் மட்டும் விடாமல் கூடவே வந்திருக்கிறது. அந்தக் கட்டுரை வெளியானது. புதுப் பெயர் எதுவும் அதில் இல்லை. அதைப் படித்த அஸ்ஸாம் ஆசிரியை ஒருவர் தங்கள் ஆற்று மீனையும் பார்த்துவிட்டு எழுதினார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தக் கடிதம் வந்தது. காளீஸ்வரன் உடனே அண்ணனுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, அஸ்ஸாம் மீன்லயும் அப்படியேதான் இருக்காம்.”

அந்தப் பக்கம் லாரி உறுமிக்கொண்டிருந்தது. “ஏலே, லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன். எங்கனன்னு சொன்ன?”

“அஸ்ஸாம்.”

“அம்புட்டுத் தூரத்துலயுமா?” காசிராஜன் யாரையோ வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, நிழலுக்கு ஒதுங்கினார். “சரி, இப்பச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு.”