சாய்ஸில் விட்ட பாடம்

எரிந்த ரெக்சினின் நாற்றம் அவ்வளவு எளிதில் போகாது. சோப்புப் போட்டுத் துடைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும், மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் அதுதான் முதல் ஆளாக வந்து மூக்கின்மேல் உட்காரும். என் பீரோவில் இத்தனை வருடமாக அந்த நாற்றத்தோடு கிடப்பது ஒரு பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம். முழுப் புத்தகம்கூட இல்லை, பாதி. பிளேடு வைத்து நடுவில் வெட்டி, ஓரம் கருகிய பழுப்பு ரெக்சினில் அட்டை போட்டு, பை தைக்கிற தடித்த நூலால் தைத்தது.

கோயமுத்தூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்தவர்களுக்கு இருந்த மரியாதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். டாக்டராகப் போகிறவர்களுக்கு ஒரு குரூப், கணக்கில் புலிகளுக்கு ஒரு குரூப், கடை கண்ணி வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்குக் காமர்ஸ், எதற்கும் ஆகாதது என்று மற்றவர்கள் முடிவு கட்டியதெல்லாம் "ஹிஸ்டரி குரூப்பு". நாங்கள் கத்தோலிக்கர், ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்ன குரூப் என்று கேட்டார், சொன்னேன், "ஹிஸ்டரியா? சரிம்மா, ஆண்டவர் ஏதாவது வழி காட்டுவார்" என்று தலையில் கைவைத்து ஜெபித்தே அனுப்பினார்.

அந்த வகுப்பில் வரலாற்றை ஆசைப்பட்டு எடுத்தவர்கள் இரண்டே பேர், நானும் மும்தாஜும். எனக்காவது கணக்கு வராது என்று ஒரு காரணம் இருந்தது. மும்தாஜுக்கு எல்லாமே வரும். சிப்பாய்க் கலகத்தைப் பக்கத்து வீட்டுச் சண்டையைப் போலச் சொல்லுவாள், யார் முதலில் கை நீட்டியது, யார் வேடிக்கை பார்த்தது என்று. அவளுக்கு வரலாற்று டீச்சர் ஆகவேண்டும். வீட்டில் ப்ளஸ் டூ வரைக்கும்தான் என்று பேச்சு. நல்ல மார்க் வாங்கினால் காலேஜுக்கு அனுப்புவதாக அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா மட்டும் மனைவிக்குத் தெரியாமல் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவர் டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் பை தைத்து விற்றுக்கொண்டிருந்தார். என் ஸ்கூல் பையும் அவர் தைத்ததுதான். ஊரில் கலவரம் வந்தபோது அந்தச் சந்து எரிந்தது, அதில் அவர் கடையும் எரிந்தது, சாயங்காலங்களில் அங்கே உட்கார்ந்து படிக்கிற வழக்கத்தில் மும்தாஜ் வைத்துவிட்டு வந்திருந்த வரலாற்றுப் புத்தகமும் எரிந்தது. அன்றைக்கு என் அம்மா படுக்கையறையில் இருந்த சிலுவையைக் கழற்றி வாசலில் ஆணியடித்து மாட்டினாள். "நாம இன்னாருன்னு தெரிஞ்சா போதும் கண்ணு, பேசாம உள்ள வா" என்றாள். இன்னார் என்று தெரிந்தால் பிழைக்கலாம், தெரிந்தால் சாகலாம் என்று இரண்டு விதமாகவும் இருந்தது அப்போது ஊர்.

பள்ளிக்கூடம் திறந்தபோது வருடத்தின் நடுவில் கடையில் புத்தகம் கிடைக்கவில்லை. என் புத்தகத்தை வெட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். முன்பாதி இந்தியா, வெள்ளைக்காரன் கப்பலில் வந்ததிலிருந்து போனது வரை, பின்பாதி உலகம். மும்தாஜின் அத்தா கடையில் மிஞ்சிய ரெக்சினை நறுக்கி, இரண்டு பாதிக்கும் அட்டை போட்டு, கோணூசியால் குத்தித் தைத்துக் கொடுத்தார். மிஷின் போய்விட்டது, ஊசி மட்டும் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். நாங்கள் பாதியை மாற்றி மாற்றிப் படித்தோம். காலையில் கேட்டில் பார்த்ததும் "இந்தியாவைக் கொண்டாந்தியா புள்ள?" என்று நான் கேட்பேன். "இந்தியா வூட்ல தூங்குது, நாளைக்குத்தான்" என்பாள். எங்களுக்கு அது பெரிய ஜோக்.

பொங்கல் கழிந்து, பரீட்சைக்கு இன்னும் அதிக நாள் இல்லாத நேரத்தில், குண்டுகள் வெடித்தன. அதில் எங்கள் வகுப்புச் சித்ராவின் மாமா செத்துப்போனார். பூ மார்க்கெட்டுக்குப் போன மனிதர். மறுபடியும் ஊரடங்கு, மறுபடியும் மூடிய பள்ளி, மறுபடியும் திறப்பு. திறந்த அன்று மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, சாப்பிடாமல், சித்ரா மும்தாஜைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்கெல்லாம் ஏன் புள்ள அப்பவே பாகிஸ்தானுக்குப் போகுல?"

அவள் அதைக் கத்திக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அழுது அழுது வீங்கிய கண்ணோடு, உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். மும்தாஜ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனாள், எத்தனையோ தடவை சிப்பாய்க் கலகம் சொன்னவள்.

இது எப்படியோ எங்கள் வரலாற்று டீச்சரின் காதுக்குப் போயிற்று. டீச்சர் பெருந்துறைக்காரர், ஒருவரையும் ஒரு சொல் நோகச் சொல்லத் தெரியாதவர். மறுநாள் நடத்தவேண்டியது நாட்டுப் பிரிவினைப் பாடம். புத்தகத்தைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், சித்ராவையும் மும்தாஜையும் பார்க்காமல் இருக்க முயன்றார், மூடினார்.

"அம்மிணிகளா, இந்தப் பாடத்தைச் சாய்ஸ்ல உட்டுப்போடுங்க. வேற பாடம் நல்லாப் படிச்சாப் போதும். பத்து மார்க்குப் போனாப் போகுது."

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட இனிமையான சொல் கிடையாது. நாலு கேள்வியில் இரண்டு எழுதினால் போதும் என்று இருக்கும்போது கஷ்டமான பாடத்தைத் தொடாமலே விட்டுவிடுவதுதான் சாய்ஸில் விடுவது. வகுப்பே "டீச்சர்ர்ர்" என்று கும்பிட்டது. மும்தாஜ் மட்டும் கும்பிடவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சொன்னாள்: "உங்களுக்கு அது பத்து மார்க்கு. என்னையத்தான புள்ள எல்லாரும் கேக்கறாங்க? படிக்காம எப்படி நிக்கறது?"

அந்த வாரமே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்தே பஸ்ஸில் வந்து பரீட்சை எழுதுவது என்று ஏற்பாடு. போகும்போது இந்தியா அவளிடம் இருந்தது, உலகம் என்னிடம்.

தமிழுக்கு வந்தாள், இங்கிலீஷுக்கு வந்தாள், அத்தா கூட வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்து கூட்டிப்போனார். வரலாற்றுப் பரீட்சையன்று எனக்கு முன்னால் இருந்த அவள் டெஸ்க் காலியாக இருந்தது. மும்தாஜ், நிர்மலா என்று எங்கள் நம்பர்கள் அடுத்தடுத்து. ஹால் சூப்பர்வைசர் அங்கேயும் ஒரு கேள்வித்தாளை வைத்து, ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் டஸ்டரை மேலே வைத்தார். அரை மணிக்குமேல் தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். அந்த அரை மணி நேரமும் நான் எழுதியதைவிட வாசலைப் பார்த்ததே அதிகம். பிறகு அவர் வந்து டஸ்டரை எடுத்து, கேள்வித்தாளை எடுத்து, ஆப்சென்ட் என்று குறித்துக்கொண்டார்.

கேள்வித்தாளில் அந்தப் பாடம் வந்திருந்தது. சாய்ஸே இல்லாத கேள்வியாக, பிரிவினைக்கான காரணங்களை எழுதச் சொல்லி. முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் எல்லாரும் அந்தப் பத்து மார்க்குக்காக அழுதார்கள். காலி டெஸ்க்கைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை.

கேட்டுக்கு வெளியே, மதிலோரம், அவளும் அத்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். துடியலூரில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். தாடி வைத்தவர்களும் பர்தா போட்டவர்களும் இறங்கவேண்டும் என்றிருக்கிறார்கள். பையைக் கொட்டிப் பார்த்து, சாப்பாட்டைக் கிளறிப் பார்த்து, கடைசியில் அத்தாவின் சட்டைப் பையில் இருந்த கோணூசியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இது எதற்கு? பை தைக்கிறதுக்குங்க. எந்தக் கடை? கடை எரிஞ்சுபோச்சுங்க. பெரிய அதிகாரி வரட்டும் என்று நிற்க வைத்துவிட்டார்கள், பஸ் போய்விட்டது.

"ஹால் டிக்கெட்டக் காமிச்சேனுங்கம்மா, ஒவ்வொருத்தர்கிட்டயும் காமிச்சேன்" என்றார் அத்தா என்னிடம். அவர் வயதில் ஒருவர் என்னை "ங்க" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

மும்தாஜ் அழவில்லை. என் கையிலிருந்து கேள்வித்தாளை வாங்கி மேலிருந்து படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இது வந்திருக்குது" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, அதற்கான பதிலைச் சொல்ல ஆரம்பித்தாள், முதல் காரணம், இரண்டாவது காரணம் என்று தலைப்புப் போட்டு, போகாதவர்கள் ஏன் போகவில்லை என்பது வரை. அது புத்தகத்தில் இல்லை, அவளாகச் சேர்த்தது. வீடு இங்கே, வேலை இங்கே, பாட்டனைப் புதைத்த கபரஸ்தான் இங்கே, எதற்குப் போகவேண்டும் என்றாள். சித்ரா கொஞ்சம் தள்ளித் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. டீச்சர் வந்து பாதியிலேயே, "அக்டோபர்ல எழுதிக்கலாம் கண்ணு, மனசு உட்டுராதே" என்றார். மும்தாஜ் "சரிங்க டீச்சர்" என்று கேள்வித்தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

அக்டோபரில் அவள் வரவில்லை. அப்பாவை நச்சரித்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினேன். அந்த அத்தை வீட்டில் விசாரித்தபோது கல்யாணம் முடிந்து பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டாள் என்றார்களாம்.

நான் வரலாறு படித்து முடித்து, இப்போது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறேன். ஆண்டவர் காட்டிய வழி. எங்கள் பள்ளியில் ஹிஸ்டரி குரூப்பை எப்போதோ எடுத்துவிட்டார்கள், ஆள் சேரவில்லை. பை தைத்த சந்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கடையில் என் வயதுக்காரர்கள் பேச்சுவாக்கில் "அந்த வருஷம்" என்று ஆரம்பித்தால் அடுத்த ஆள் உடனே "அதெல்லாம் எதுக்குங்க இப்ப" என்று புடவையைப் பிரிப்பார். ஊரே அதைச் சாய்ஸில் விட்டுவிட்டது. இறந்தவர்களுக்காகவும் கோபம் வருகிறது, இருந்தும் இல்லாமல் போனவளுக்காகவும் வருகிறது, யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பில்லைப் போடுகிறேன்.

போன மழையில் என் மகள் பீரோவைக் குடைந்து அந்தப் பாதியை எடுத்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள்.

"ஏம்மா, இதுல இந்தியாவே இல்லியே?"

"இல்ல கண்ணு," என்றேன், "அது மும்தாஜ்கிட்ட இருக்குது."