நான் பின்னால் நீட்டிய கூடைகள்

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்காருகிற ஆள் நான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரன், எனக்கெதற்கு அந்தக் கதையெல்லாம். நீங்களும் இப்போது உதட்டுக்குள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இலங்கையில் தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். எங்கள் லயத்து வீடுகளின் வரிசைக்கு மேலே ரப்பர் முடிகிற இடத்தில் அரசாங்கக் காடு தொடங்குகிறது. அந்தக் காட்டு ஊற்றுத் தண்ணீர்தான் எங்கள் பீலிக் குழாயில் விழும், லயம் முழுக்கக் குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். காட்டுக்குள் ஒரு முதலாளி திருட்டுத்தனமாக மாணிக்கக் குழி வெட்ட ஆரம்பித்தார். முதல் குழியை ஊற்றுக்குப் பக்கத்திலேயே வெட்டி, கல் அகப்படவில்லை என்று அப்படியே திறந்து போட்டுவிட்டார். அதோடு பீலி வற்றிப்போனது. என் மனைவி மேரி ஆற்றிலிருந்து குடம் சுமந்தாள். குழியை நிறுத்தச் சொல்லி லயத்து ஆட்கள் மனு எழுதினார்கள், முதல் கையெழுத்து அவளுடையது, இரண்டாவது என்னுடையது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குழியை வெட்டியவர்களில் நானும் ஒருவன். அவளுக்கு அது தெரியாது.

இரண்டாவது குழியைக் கொஞ்சம் தள்ளி வெட்டினோம். முறையாகக் குழி வெட்டுகிறவர்கள் அந்த இடத்துத் தெய்வத்துக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். எங்களுடையது திருட்டுக் குழி, வெளிச்சத்தைப் பார்த்து வன இலாகாக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்று முதலாளி ஒரு திரிகூட ஏற்ற விடவில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை.

அன்றைக்கு மத்தியானம். குழியின் அடியில் பக்கவாட்டாக ஒரு சுரங்கம், தவழ்ந்துதான் போகலாம், உடம்பைத் திருப்ப இடமில்லை. மேரியின் தம்பி ரவி முன்னால் மண்ணை வெட்டி, நிறைந்த கூடையை என்னிடம் தருவான். நான் திரும்பிப் பார்க்காமல் இடுப்போரமாகப் பின்னால் நீட்டுவேன். எனக்குப் பின்னால் குழியடியில் நிற்கிற கூட்டாளி செல்வம் அதை வாங்கிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டு, வெறுங்கூடையை என் கையில் வைப்பான்.

கொஞ்ச நேரம் போனபிறகு செல்வத்தின் கை சில்லென்று ஆனது. தண்ணீரில் நிற்கிறான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஓயாமல் சினிமாப் பாட்டு முனகுகிறவன், சத்தமே இல்லை. வேலை மட்டும் படுவேகம், நான் நீட்டும் முன்பே அந்தக் கை வந்து காத்திருந்தது. ரவி போதும் என்கிறவரை அப்படியே கூடை கூடையாகக் கொடுத்தேன்.

பின்பக்கமாகவே தவழ்ந்து மேலே ஏறிவந்தால், செல்வம் மரத்தடியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.

"ஜீப் சத்தம் கேட்டுச்சுன்னு நான் அப்பவே மேல வந்துட்டேனே. உங்கள கூப்பிட்டேன், சத்தமே குடுக்கல."

"அப்ப கூடையெல்லாம் யாரு வாங்குனது?"

"எந்தக் கூடை? கயிறு அசையவே இல்லயே."

மேலே மண்குவியல் செல்வம் ஏறிவந்தபோது இருந்த அளவில்தான் இருந்தது. குழியின் அடியில் போய்ப் பார்த்தோம், அங்கேயும் ஒரு பிடி மண் இல்லை. ரவி செருப்பைக்கூடப் போடாமல் மலையிறங்கி நடந்தான், நானும் பின்னாலேயே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் பீலியில் தண்ணீர் கொட்டுகிறது. மேரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்தோணியார் கேட்டுட்டாருங்க" என்று கண்கலங்கினாள். நான் குடத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் தனியாக ஊற்றுக்குப் போனேன். நாங்கள் திறந்து போட்ட முதல் குழி விளிம்புவரை நிரம்பியிருந்தது. எல்லாம் முந்தின நாள் நான் பின்னால் கொடுத்த அதே நீலக் களிமண்ணும் கூழாங்கல்லும், தட்டித் தட்டி இறுக்கிய மாதிரி. மேலே முழுக்க உள்ளங்கை அடையாளம், அத்தனையும் இடது கை. அத்தனையிலும் சுட்டுவிரல் பாதிதான் இருந்தது. பால்கத்தி பட்டு என் இடது சுட்டுவிரல் பாதி போய்ப் பல வருடமாகிறது. ஒரு அடையாளத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது.

அதற்குப்பிறகு நான் குழிப்பக்கம் போகவில்லை. முதலாளி வேறு ஆட்களைப் பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் வெட்டுகிறாராம். எத்தனையோ மழை பெய்துவிட்டது, களியில் அந்தக் கைகள் மட்டும் அழியவில்லை. ஊற்றுவாயில் அடைக்கிற இலையை அள்ள மேரி வாராவாரம் அங்கே போகிறாள். தினமும் என் கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கிறவள் அவள். இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.